நாம் சேர்ந்திருக்கும் அந்தப் பாடவேளை



கலப்புமுறைக் கற்றலும் வகுப்பறைத் தொழில்நுட்பமும் என்று இந்தக் கல்வியியல் கல்லூரியின் அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. எந்தச் செயலி நல்லது, எந்தப் பலகை வாங்கலாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து நோட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கக்கூடும். நான் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஆசிரியரும் நாற்பது பிள்ளைகளும் ஒரே அறையில் சேர்ந்திருக்கிற அந்தப் பாடவேளையை எதற்காக வைத்துக்கொள்வது? இதற்கு விடை சொல்லிவிட்டால், எதைத் திரையிடம் கொடுக்கலாம் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். நம் பள்ளிகளில் வரிசை மாறி நடக்கிறது. முதலில் கருவி வந்து இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் அதை எந்த நேரத்தில் நுழைப்பது என்று தேடுகிறோம்.

இது வெறும் மனத்தாங்கலாக நின்றுவிடக் கூடாது என்பதால் குஜராத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். அங்கே க்யான் ஷாலா என்ற தொண்டு நிறுவனம் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளிகள் நடத்துகிறது. அந்தப் பள்ளிகளில் கணிதப் பயிற்சிக்கான ஒரு மென்பொருளை லீ லிண்டன் என்ற பொருளியலாளர் சோதித்துப் பார்த்தார். ஆய்வறிக்கை 2008இல் வந்தது. ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் வகுப்பு நேரத்திலேயே, ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு. இன்னொரு பகுதியில் வகுப்பு நேரம் போக, கூடுதலாக. முதல் வகைப் பிள்ளைகள், மென்பொருளே இல்லாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றிருந்தார்கள். இரண்டாம் வகைப் பிள்ளைகள் முன்னேறினார்கள். அவர்களிலும் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது. மென்பொருள் மாறவில்லை, கணினி மாறவில்லை. அது எந்த நேரத்தை எடுத்துக்கொண்டது என்பது மட்டும் மாறியது. அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நன்றாகவே கற்பித்துவந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல கற்பித்தலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தால் நட்டம் பிள்ளைகளுக்கு.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள்வழிக் கற்றல் மையங்களைப் பற்றி முரளிதரன், சிங், கனிமியான் மூவரும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. பள்ளி விட்ட பிறகு 90 நிமிடம். அதில் பாதி நேரம் மென்பொருளோடு, மறுபாதி சிறு குழுவாக ஒரு பயிற்றுநரோடு. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றார்கள். ஆசிரியரோ ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளை நிற்கும் படியையும் கண்டுபிடித்து அந்தப் படியிலிருந்து கணக்குக் கொடுத்ததுதான் அந்த மென்பொருள் செய்த பெரிய வேலை. நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது படியிலிருந்து ஒரே ஆசிரியரால் ஒரே நேரத்தில் கணக்குக் கொடுக்க முடியாது. முடியாததை இயந்திரம் செய்தது. இடறி நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் வேலை பயிற்றுநரிடம் இருந்தது. இதற்கு மாறாக, பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் கருவி மட்டும் பெருமளவில் போய்ச் சேர்ந்தது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று ஆய்வு சொன்னது.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். நான் இயற்பியல் ஆசிரியர் என்பதால் பத்தாம் வகுப்பு ஒளியியலிலிருந்து குவிலென்சு. எல்லோரும் அறிந்த முறை இதுதான்: பொருள் ஈறிலாத் தொலைவில், வளைவு மையத்துக்கு அப்பால், வளைவு மையத்தில் என்று ஒவ்வொரு நிலைக்கும் கதிர்ப்படம் வரைகிறோம். ஒவ்வொரு படத்திலும் இரண்டு கதிர்கள். பிள்ளைகள் நோட்டில் வரைகிறார்கள், தேர்வில் வரைகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குவிலென்சின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டால் திரையில் விழும் பிம்பம் என்ன ஆகும்? பெரும்பாலானோர் பாதி பிம்பம் மறைந்துவிடும் என்பார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோல்ட்பர்க், மக்டெர்மட் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள். உண்மையில் பிம்பம் முழுதாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் குறையும். இந்தத் தவறான எண்ணத்துக்கு நாம் வரையும் படமே துணைபோகிறது. இரண்டே கதிர்களை வரைந்து காட்டினால், அந்த இரண்டும்தான் பிம்பத்தை உண்டாக்குகின்றன என்று பிள்ளை நினைப்பதில் என்ன வியப்பு?

இந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு உரிய வேலை எது என்று இப்போது சொல்லிவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்பது, பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் வாதாட விடுவது, லென்சைக் கையில் கொடுப்பது. இரண்டு கதிர்களை வரையும் முறையை விளக்குவதற்கு நான் அறையில் நிற்க வேண்டியதில்லை. அதை முதல் நாளே ஐந்து நிமிடக் காணொளியாகக் கொடுத்துவிடலாம். 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனாத்தன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள்; தலைகீழ் வகுப்பறை என்று இன்று வழங்குவது பரவலாகப் பேசப்பட்டது அவர்களால்தான். அவர்கள் செய்ததில் எல்லோரும் காணொளியைப் பார்க்கிறார்கள். காணொளியால் மிச்சமான வகுப்பு நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

காணொளியோடு ஒரு துண்டுச் சீட்டு உண்டு. அதில் இரண்டு வரி: எனக்குப் புரிந்த ஒன்று, எனக்குக் குழப்பமான ஒன்று. கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் அதே பக்கங்கள், அதே சீட்டு. மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது சீட்டு என் கைக்கு வந்துவிட வேண்டும். இந்தச் சீட்டுத்தான் பாடத்தின் மூட்டு. வீட்டில் பார்த்ததும் வகுப்பில் நடப்பதும் ஒட்டாமல் போனால் இரண்டுமே வீண். நேற்று காணொளி பார்த்தவர்களுக்காகவும் பார்க்காதவர்களுக்காகவும் சேர்த்து ஆசிரியர் இன்று மறுபடி அதையே முழுதாக விளக்கத் தொடங்கினால், அடுத்த வாரம் ஒருவரும் காணொளி பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள் இதில் மிகவும் கூர்மையானவர்கள்.

முதல் ஐந்து நிமிடம் பெயர் சொல்லாமல் சில சீட்டுகளைப் படிக்கிறேன். பிறகு பாதி லென்சு கேள்வி. ஒவ்வொருவரும் முதலில் நோட்டில் தன் விடையை எழுத வேண்டும். எழுதிய பிறகே வாக்கு. ப்ளிக்கர்ஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு பிள்ளையிடமும் அச்சிட்ட ஓர் அட்டை, எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுவே விடை. ஆசிரியர் தன் ஒரே கைப்பேசியால் வகுப்பை ஒரு சுற்றுப் படம்பிடித்தால் விடைகள் எண்ணப்பட்டுவிடும். பிள்ளைகளிடம் கருவியே வேண்டாம். அதுவும் இல்லையென்றால் ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று நெஞ்சுக்கு நேராகக் காட்டச் சொல்லலாம். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இயற்பியல் வகுப்பில் செய்துவந்தது இதுதான். விடைகள் பிரிந்து நிற்கும்போது ஆசிரியர் வாயைத் திறப்பதில்லை. ‘வேறு விடை சொன்னவரோடு பேசுங்கள்’ என்று விட்டுவிடுகிறார். இப்போதுதான் விளங்கிக்கொண்ட பிள்ளை, விளங்காத பிள்ளைக்குச் சொல்லும் விளக்கம் சில நேரம் நம்முடையதைவிட நன்றாகப் போய்ச் சேர்கிறது. தான் எங்கே இடறினோம் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு லென்சு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண பூதக்கண்ணாடி போதும். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத்தாள். வெளியே நிற்கும் வேப்பமரம் தலைகீழாகத் தாளில் விழுகிறது. கறுப்புத்தாளால் பாதி லென்சை மூடுகிறார்கள். மரம் முழுதாக இருக்கிறது, மங்கலாக. வகுப்பில் ஒரு கணம் எழும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் திரை. கார்ல் வீமன் 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற உருவகச் செயல்பாடுகளைத் தொடங்கினார். அவை இலவசம், பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் லென்சுப் பகுதியைத் திறந்து, இரண்டு கதிர்களுக்குப் பதிலாகப் பல கதிர்களைக் காட்டச் சொல்லுங்கள். பொருளின் ஒரு புள்ளியிலிருந்து லென்சின் எல்லாப் பகுதிக்கும் கதிர்கள் பாய்ந்து மறுபக்கம் ஒரே புள்ளியில் கூடுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பாதியை மறைத்தாலும் மீதிக் கதிர்கள் அதே புள்ளிக்குத்தான் போகின்றன. கண்ணால் காணமுடியாத கதிரைக் காட்டுவது திரை. அந்த வேலையை லென்சாலும் செய்ய முடியாது, என் கரும்பலகையாலும் செய்ய முடியாது. திரையை முதலில் காட்டி லென்சைப் பிறகு காட்டினால் வியப்பு போய்விடும். லென்சோடு நிறுத்திவிட்டால் காரணம் கிடைக்காது. கடைசிப் பத்து நிமிடம், பாதி மூடிய லென்சுக்குக் கதிர்ப்படம் வரைய வேண்டும். கையால், நோட்டில்.

இதை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கலப்புமுறை குறித்து வெளியிட்ட வரைவுக் குறிப்பில் ஒரு பாடத்தின் 40 சதவீதம் வரை இணையவழி இருக்கலாம் என்றது. அதற்குப் பின் எங்கு போனாலும் சதவீதப் பேச்சு. நான் சொன்ன பாடத்தில் திரைக்குப் போன நேரம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் பாடம் குறைபட்டுப் போகும். அப்படிப்பட்ட நேரத்தைச் சதவீதத்தால் அளக்க எனக்கு மனம் வரவில்லை.

காணொளி செய்வது பற்றிக் கொஞ்சம். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, காணொளி ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டால் கவனம் சரிகிறது என்று கண்டார்கள். அவற்றைப் பார்த்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு என்றே கொள்ளுங்கள். திரையில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொல்லுக்காகப் போட்டியிட்டால் இரண்டும் களைத்துவிடும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். நடுவில் நிறுத்தி, ‘இப்போது நோட்டில் நீ வரை’ என்று சொல்லுங்கள். முக்கியமாக, அது உங்கள் குரலாக இருக்கட்டும். நம் மாநிலத்தில் 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. நல்ல காணொளிகள் நிறைய இருக்கின்றன, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் உங்கள் வாய்ஸ் மெசேஜ் போகட்டும்: எதைக் கவனிக்க வேண்டும், நாளை என்ன கேட்பேன் என்று. தன் ஆசிரியர் தன்னிடம் கேட்கப்போகிறார் என்று தெரிந்த பிள்ளை பார்க்கும் விதமே வேறு.

கைப்பேசி எல்லோரிடமும் இல்லை என்ற உண்மையை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு உரிமை இல்லை. 2017–18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தவை ஏறத்தாழ 15 சதவீதம். பிறகு நிலை மாறியிருக்கிறது. ஆயினும் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்பது அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் கைப்பேசி. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும். அப்போது அண்ணன் கைக்குப் போகும், தங்கை காத்திருப்பாள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் தமிழ்நாட்டில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, அந்த இழப்பு எவ்வளவு ஆழம் என்று காட்டியது. கணிதத்தில்தான் அடி பலமாக விழுந்திருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்ல விரும்புகிறேன்.

ஆகவே திரைப் பகுதியை வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்கலாம். ஒரு குழு கணினியில், ஒரு குழு தாமாகப் பயிற்சி செய்துகொண்டு, ஒரு குழு ஆசிரியரைச் சுற்றி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும். இணையம் இழுபறியாக இருந்தால் கொலிப்ரி போன்ற மென்பொருளை ஒரு கணினியில் ஏற்றிவிட்டால் மற்றக் கணினிகள் இணையமின்றியே அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும். இது புதிது, வெளிநாட்டுச் சரக்கு என்று மலைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், ரிஷி வேலி பள்ளிகளின் அனுபவத்தைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பிறகு அது மாநிலம் முழுவதும் போனது. ஒரே அறையில் ஒரு பிள்ளை ஓர் அட்டையிலும் இன்னொரு பிள்ளை வேறோர் அட்டையிலும் வேலை செய்ய, ஆசிரியர் தரையில் அவர்கள் நடுவே உட்கார்ந்திருப்பார். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நடத்துகிற இன்றைய தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கும் இது கைவந்த கலை. கலப்புமுறையில் கடினமான பகுதி வெவ்வேறு வேகத்தில் போகும் பிள்ளைகளை ஒரே நேரத்தில் நடத்துவது. அந்தக் கடினமான பகுதியை நம் தொடக்கப்பள்ளிகள் இருபது ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் அவர்களிடம் போய்க் கற்க வேண்டும். போவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆசிரியர் என்பவர் இங்கே பாடம் தெரிந்தவராக மட்டும் நிற்பதில்லை. புதுச்சேரியை அடுத்த காளிக்குப்பத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா செய்த சோதனை 2010இல் வெளியானது. தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடங்களைக் கணினியில் விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் தாமாகவே கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அந்தப் பாடம் தெரியாத ஒருவர், பக்கத்தில் நின்று ‘அட, இது என்ன, எனக்கும் சொல்லு’ என்கிற விதமாக ஊக்கம் கொடுத்தார். அதன் பிறகு அவர்கள் டெல்லியின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையாக எழுதினார்கள். இந்தச் சோதனையைக் காட்டி ஆசிரியரே தேவையில்லை என்று பேசியவர்கள் உண்டு. அதன் பின்பாதியை அவர்கள் படித்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி மாணவ ஆசிரியர்கள் கேட்பீர்கள். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலை மாணவர்களிடம் கணிதத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் அரட்டைச் செயலியை வைத்திருந்த குழு பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. மற்றொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்துக்கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும் செயலி. அவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. பிள்ளை திணற வேண்டிய இடத்தில் இயந்திரம் திணறலை எடுத்துக்கொண்டால் கற்றல் நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் திணற வேண்டும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. திறன்மிகு வகுப்பறை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, சீட்டுகளைப் படிக்க நேரம் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரே பாடம் எடுக்கும் இரண்டு ஆசிரியர்களுக்குச் சேர்ந்து ஓய்வு கிடைத்தால் போதும். மதிப்பெண் பட்டியல் யார் தவறினார் என்று சொல்லும். எப்படித் தவறினார் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. அடுத்த பாடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதும் அதிலிருந்தே கிடைக்கும்.

இரண்டாவது இந்தக் கல்லூரிக்கு. பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி பதினாறு வாரம். அதில் மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் கையில் இருக்கும் படிவத்தில் ‘துணைக்கருவி பயன்படுத்தினாரா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதனால் பயிற்சி ஆசிரியர்கள் இரவெல்லாம் விழித்துச் சார்ட் வரைகிறார்கள், இப்போது ஸ்லைடு செய்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டுகிறேன். வகுப்பு தொடங்கும் முன் மாணவர்கள் என்ன நினைத்திருந்தார்கள் என்று பயிற்சி ஆசிரியருக்குத் தெரிந்திருந்ததா? அது தெரிந்ததால் அன்றைய பாடத்தில் எதையாவது மாற்றினாரா? இந்த ஆண்டுப் பயிற்சி தொடங்குவதற்குள் படிவம் அச்சாகிவிடும் என்று முதல்வர் அவர்கள் சற்று முன் சொன்னார்கள். அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலியுங்கள்.